உங்கள் பகுதியைப் பற்றி எழுத எது தோது: வலைப்பதிவா, வாட்ஸ்அப்பா, ஃபேஸ்புக்கா?

நகரத்தில் இருக்கும் ஒருவருக்குத் தன் பகுதியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுவது பெரும்பாலும் கோபத்தில்தான். மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்கு, போட்ட வேகத்தில் தோண்டிய சாலை, பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் முளைக்கும் கட்டடம். நகரம் முழுக்கப் போகும் பத்திரிகைக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. ஒரு தெருவின் சாக்கடைக்கு அவர்கள் நிருபரை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது, அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்ததும் முதல் கேள்வி வந்து நிற்கும்: எங்கே எழுதுவது?

ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே எழுது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பகுதிச் செய்திக்கு ஒரு குணம் உண்டு, அது திரும்பத் திரும்ப வரும். போன மழைக்குத் தண்ணீர் நின்ற இடத்தில்தான் இந்த மழைக்கும் நிற்கும். போன தடவை சரிசெய்கிறோம் என்று சொன்ன அதிகாரி மாறிப் போயிருப்பார், புதியவர் அதையே முதல் தடவை சொல்வதுபோலச் சொல்வார். அப்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். அதனால் இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை நான் இரண்டாவதாக வைக்கிறேன். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்குமா என்பதைத்தான் ஒவ்வொரு வழியிடமும் முதலில் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு

வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று காலை ஆறு மணிக்கு ஒருவர் போட்டால், ஆறேகாலுக்குள் எந்தெந்தத் தெருவில் அப்படி, எங்கே சரியாக வருகிறது என்று தெரிந்துவிடும். மின்தடை, காணாமல் போன நாய்க்குட்டி, அவசரமாக ரத்தம் தேவை, மரம் விழுந்து வழி அடைப்பு என்று இந்த மாதிரி விஷயங்களுக்கெல்லாம் குழுதான். வலைப்பதிவு எழுதுகிறவர் பல் துலக்கி முடிப்பதற்குள் இங்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதே கலங்கல் தண்ணீர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். முதல் பத்துச் செய்திகள் உருப்படியானவை. பதினோராவது ஒரு காலை வணக்கப் படம். அதற்கு நாலு பேர் கைகூப்புகிறார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவரின் நம்பரைப் போடுகிறார். இன்னொருவர், போன தேர்தலில் நாம் போட்ட ஓட்டுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். அட்மின், அரசியல் வேண்டாம் என்கிறார். இது அரசியல் இல்லை உண்மை என்று பதில் வருகிறது. இரண்டு பேர் வெளியேறுகிறார்கள். சாயங்காலம் ஒருவர் பொறுப்பாக எழுதுகிறார்: உடைப்பு எந்த இடத்தில், யார் வந்து பார்த்தார்கள், என்றைக்குச் சரியாகும் என்று சொன்னார்கள். அது அறுபதாவது செய்தி. காலையில் குழுவை ம்யூட்டில் போட்டவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் அதே குழாய் உடையும்போது அந்தச் செய்தியைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நடுவில் போனை மாற்றியவரிடம் அது இல்லாமலே போயிருக்கலாம். நடுவில் குடிவந்தவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

அளவும் ஒரு தடை. ஒரு குழுவில் 1,024 பேர் வரைதான் சேரலாம். 2022க்கு முன்பு 256ஆக இருந்தது. நடுத்தர அளவுப் பகுதிக்கே இது போதாது, இரண்டாவது குழு திறந்தால் இரண்டு விதமான தகவல் ஓட ஆரம்பிக்கும். தவிர, குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். தனியாக இருக்கும் பெண்கள் பலர் பகுதிக் குழுவில் சேரத் தயங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம், அவர்கள் குரல் இல்லாமலே பகுதியின் கருத்து இதுதான் என்று முடிவாகிவிடுகிறது.

வதந்தியைப் பற்றித் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று 2018இல் இந்தியாவின் பல இடங்களில் பரவிய வாட்ஸ்அப் செய்திகளால் ஒரு பாவமும் அறியாதவர்கள் அடித்தே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி நிறுவனம் முதலில் இந்தியாவிலும், 2019இல் உலகம் முழுவதும் கட்டுப்பாடு வைத்தது. பகுதிக் குழுவில் வரும் ‘சந்தேகத்துக்குரிய ஆள், ஜாக்கிரதை’ என்ற படமும் அதே வகைதான். படத்தில் இருப்பவர் பெரும்பாலும் பழைய பேப்பர் எடுக்க வந்தவராகவோ முகவரி தேடி அலைந்த கூரியர் பையனாகவோ இருப்பார். போட்டவர் அழித்தாலும் அதற்குள் அது நாலு குழுவுக்குப் போயிருக்கும்.

குழுவுக்குப் பதில் வாட்ஸ்அப் சேனல் வைத்தால் சத்தம் குறையும். நீங்கள் மட்டும்தான் எழுத முடியும், பின்தொடர்பவரின் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் 2023இல் சேனல்களை அறிமுகப்படுத்தியபோதே, பதிவுகள் தங்கள் சர்வரில் 30 நாள் வரைதான் இருக்கும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அறிவிப்புப் பலகைக்கு அது சரி, ஆவணத்துக்குச் சரிப்படாது. இந்த ஒரு விஷயத்தில் டெலிகிராம் மேல். பொதுச் சேனலில் நேற்றுச் சேர்ந்தவரும் முதல் நாளிலிருந்து மேலே தள்ளிப் படிக்கலாம், தேடவும் செய்யலாம். சிக்கல் என்னவென்றால் வயதானவர்களிடம் அந்தச் செயலி இருப்பதில்லை, பகுதிப் பிரச்சினையில் அதிக அக்கறை காட்டுகிறவர்களோ பெரும்பாலும் அவர்கள்தான்.

ஃபேஸ்புக் குழுவும் அதைப் போன்றவையும்

ஃபேஸ்புக் குழுவில் பதிவுக்குப் பதிவு தனித்தனியாக இருக்கும். தண்ணீர்ப் பேச்சுக்குக் கீழே தண்ணீரைப் பற்றிய பின்னூட்டம்தான் வரும். தேடும் வசதியும் சுமாராக உண்டு. பழைய படங்களைப் போட்டு, இந்த முக்கில் முன்பு என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டால் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் குடியிருப்பாளர்கள்கூட வந்து எழுதுவார்கள். ஒரு பகுதியின் வாழ்க்கையைப் பதிவு செய்வதற்கு இது நல்ல இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் குழு பெரிதாகப் பெரிதாக நீங்கள் எழுதுகிறவராக இருப்பது நின்றுவிடும். யார் யாரைத் திட்டினார், எந்த விளம்பரத்தைத் தூக்குவது, தூக்கியவரின் மச்சான் ஏன் கோபித்துக்கொண்டார் என்று பஞ்சாயத்திலேயே பொழுது போகும். எழுத வந்தவர்கள் முழுநேர நடுவர்களாகி, சலித்து, குழுவையே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

இன்னொரு பக்கம், இடம் உங்களுடையது இல்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது, இங்கே வீட்டுக்காரர் யார் என்பதே தெரியாது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தது. பக்கங்கள் நடத்தியவர்களுக்கு வாசகர் வரத்து சரிந்தது. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசோடு வந்த தகராறில் அந்நாட்டில் செய்திகளையே நிறுத்தியது. செய்தி நிறுவனங்களோடு சேர்த்துத் தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, வானிலை அலுவலகம் போன்றவற்றின் பக்கங்களும் அன்று வெறுமையாகிப் போயின. அரசோடு சமரசம் ஆகிச் செய்திகள் திரும்பி வரச் சுமார் ஒரு வாரம் ஆயிற்று.

கனடாவில் நடந்தது இதைவிடப் பொருத்தமான உதாரணம். செய்திக்கு ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அங்கே செய்தி லிங்க்குகளை முடக்கின. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் வடக்கே யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்யச் சொன்னார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, தீ எங்கே வந்திருக்கிறது என்று உள்ளூர்த் தளங்கள் நிமிடத்துக்கு நிமிடம் எழுதின. அந்த லிங்க்கை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. மக்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சமாளித்தார்கள். அந்தத் தளங்களுக்கென்று சொந்த முகவரி இருந்ததால் மக்கள் நேராக அங்கே போய்ப் படிக்க முடிந்தது. எழுதியதெல்லாம் ஃபேஸ்புக்கில் மட்டும் இருந்திருந்தால் என்ன கதி?

அக்கம்பக்கத்தாருக்கென்றே வந்த தளங்களும் உண்டு. அமெரிக்காவில் 2011இல் தொடங்கிய நெக்ஸ்ட்டோர் அப்படிப்பட்டது, முகவரியைச் சரிபார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள். கருப்பின மனிதர் ஒருவர் தெருவில் நடந்தாலே ‘சந்தேக நபர்’ என்று பதிவு போடுகிறார்கள் என்று அங்கே பெரிய புகார் எழுந்தது. கடைசியில் 2016இல், குற்றம் பற்றி எழுதுகிற படிவத்தையே மாற்றினார்கள். நிறத்தை மட்டும் சொன்னால் போதாது, என்ன உடை, என்ன செய்தார் என்பதையும் எழுத வேண்டும் என்றாயிற்று. வாட்ஸ்அப்பில் மேலே பார்த்த அதே வியாதிதான். முகவரியைச் சரிபார்த்துச் சேர்த்தாலும் அது போகவில்லை.

எவ்ரிபிளாக் என்ற அமெரிக்கத் தளத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அட்ரியன் ஹோலோவாட்டி என்ற பத்திரிகைத் துறை நிரலாளர் 2008இல் தொடங்கியது. காவல்துறைப் பதிவு, கட்டட அனுமதி, உணவகச் சோதனை முடிவு என்று அரசிடம் இருக்கும் தகவலைத் தெரு வாரியாகப் பிரித்துக் காட்டியது. யோசனை அருமை. 2009இல் அதை எம்எஸ்என்பிசி தளத்தை நடத்திய நிறுவனம் வாங்கியது. 2013 பிப்ரவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் மூடிவிட்டார்கள். அண்டை வீட்டார் அங்கே எழுதிச் சேர்த்ததெல்லாம் தளத்தோடு போயிற்று. அடுத்த வருடம் சிகாகோவில் வேறு கைக்குப் போய் உயிர் பெற்று, 2018இல் நெக்ஸ்ட்டோருக்குள் கரைந்துபோனது.

சொந்த வலைப்பதிவு

வலைப்பதிவு எழுத உதவும் பிளாகர் 1999இல் வந்தபோதும், வேர்ட்பிரஸ் 2003இல் வந்தபோதும் இருந்த பரபரப்பு இப்போது இல்லை. வலைப்பதிவெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். பதில்: இன்றைக்கு யாரும் படிக்காமல் இருக்கலாம். நீங்கள் எழுதி வெளியிட்டால் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. பல பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடிய பிறகு பின்தொடர்ந்து படிக்கும் பழக்கமும் பெருமளவு போய்விட்டது. இது உண்மையான குறை, பூசி மெழுகத் தேவையில்லை.

ஆனால் பகுதி வலைப்பதிவைப் படிக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பகுதியில் வீடு பார்க்கிறவர் தெருப் பெயரைப் போட்டு ‘தண்ணீர் பிரச்சினை’ என்று தேடுகிறார். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி தேடுகிறார். ஒரு விபத்துக்குப் பிறகு, இந்த முக்கில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறதா என்று நிருபர் தேடுகிறார். வழக்குப் போட நினைக்கிற குடியிருப்போர் சங்கத்துக்குப் பழைய தேதிகள் வேண்டியிருக்கிறது. இவர்களில் ஒருவரும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. இவர்கள் பத்துப் பேர் படிப்பது குழுவில் ஆயிரம் பேர் பார்ப்பதைவிடக் கூடுதலாக எதையாவது மாற்றும் என்பது என் கட்சி.

எப்படி எழுதினால் அந்தப் பயன் வரும்? கற்பனையாக ஒரு பதிவு பார்ப்போம்:

“நான்காம் குறுக்குத் தெரு, ரயில்வே பாலத்துக்கு வடக்குப் பக்கம். ஜூன் 3 அன்று குடிநீர்க் குழாய் மாற்றத் தோண்டினார்கள். தெரு முனையில் வைத்திருக்கும் பலகையில், முடிக்க வேண்டிய தேதி ஜூலை 15 என்று இருக்கிறது (படம் 1). இன்று ஜூலை 28. குழாய் பதித்தாயிற்று, பள்ளம் மூடவில்லை (படம் 2). பகுதி அலுவலகத்தில் பொறியாளரைக் கேட்டேன். சாலை போடுவது வேறு பிரிவு, அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம் என்றார். சாலைப் பிரிவில் கேட்டு அடுத்த வாரம் இங்கேயே சேர்க்கிறேன்.”

இதில் ஒரு வசவு இல்லை, ‘அலட்சியம்’, ‘அவலம்’ என்ற சொற்கள் இல்லை. மூன்று தேதி, இரண்டு படம், ஒரு பதில், யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம். படித்தவுடன் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அந்தத் தெருக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகஸ்ட் 9இல் பள்ளத்தை மூடினால் அதே பதிவின் கீழே, தேதி போட்டு, மூடிவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். இப்படி ஒரே பக்கத்தில் கதை முழுதும் சேர்ந்துகொண்டே போவது மற்ற எதிலும் நடக்காது. தலைப்பில் தெருப் பெயர் இருப்பதும் முக்கியம். ‘இந்த அநியாயத்தைக் கேட்பாரில்லையா?’ என்று தலைப்பு வைத்தால் தேடுகிறவர் கண்ணில் படவே படாது.

இது நடக்கக்கூடியதுதானா என்றால், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தின் மேற்குப் பகுதியில் டிரேசி ரெக்கார்ட், பேட்ரிக் சாண்ட் என்ற தம்பதி உருவாக்கிய ‘வெஸ்ட் சியாட்டில் பிளாக்’ இருக்கிறது. 2005 கடைசியில் சாதாரண வலைப்பதிவாக ஆரம்பித்தது. 2006 டிசம்பரில் பெரும் புயலடித்து மின்சாரம் போனபோது, எங்கே கரண்ட் இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று மக்கள் அங்கே வந்து கேட்கவும் சொல்லவும் ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே அவர்களுக்கு முழுநேரத் தொழிலாயிற்று, உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தில் ஓடுகிறது. அதே காலத்தில் பேட்ச் என்ற நிறுவனமும் வந்தது. 2007இல் தொடங்கி, 2009இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் வாங்கி, ஊருக்கு ஒரு ஆசிரியர் என்று சுமார் 900 தளங்கள் வரை பரப்பினார்கள். பணம் கரைந்தது. 2014 ஜனவரியில் பெரும்பங்கு கைமாறி, ஊழியர்கள் கூட்டமாக வேலையிழந்தார்கள். தன் தெருவில் தானே நடந்துபோகிற ஒருவர் செய்யும் வேலையைத் தலைமையகத்திலிருந்து 900 ஊருக்கு ஒரே அச்சில் வார்த்து எடுக்கப் பார்த்தார்கள்.

சொந்தத் தளம் என்றால் பத்திரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. நியூயார்க், சிகாகோ பகுதிச் செய்திகளை எழுதிய டிஎன்ஏஇன்ஃபோவையும், 2003இலிருந்து நடந்த காதமிஸ்ட் என்ற நியூயார்க் செய்தித் தளத்தையும் அவற்றின் முதலாளி ஜோ ரிக்கெட்ஸ் 2017 நவம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் மூடினார். நியூயார்க் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வருடக்கணக்கான பழைய கட்டுரைகளுக்குப் பதில் ஒரே ஒரு கடிதம் மட்டும் திரையில் வந்தது. பழையவை பிறகு திரும்ப வந்தன, காதமிஸ்ட்டை மறு வருடம் பொது வானொலி நிலையம் வாங்கி நடத்துகிறது. ஆனால் அந்த நாளில் எழுதியவர்களுக்கே தாங்கள் எழுதியது கையில் இல்லை. எங்கே எழுதினாலும் ஒரு பிரதியை உங்கள் கணினியில் வைப்பதும், வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமிக்கச் சொல்வதும் இரண்டு நிமிட வேலை.

மற்றவை, சுருக்கமாக

காணொளி: தண்ணீர் தேங்கிய தெருவை ஒரு நிமிடம் படமெடுத்துப் போட்டால் பத்துப் பத்தி எழுதியதைவிட வலுவாக உறைக்கும். அதற்கு மேல் போனால், எடுப்பதும் வெட்டுவதும் ஒட்டுவதும் முழுநேர வேலையாகிவிடும். பார்வை எண்ணிக்கை ஏற வேண்டுமென்று குரல் ஏறும், முகபாவம் ஏறும், பிறகு பகுதி காணாமல் போய் எடுத்தவர் மட்டும் தெரிவார். பதிவுக்குள் ஒரு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் மடல்: வாரம் ஒன்று. முகவரிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது, எந்தச் சேவையிலிருந்தும் எடுத்துக்கொண்டு போகலாம், இது பெரிய பலம். ஆனால் வங்கிக் கணக்கு விவரத்துக்கும் அலுவலக வேலைக்கும் மட்டுமே மின்னஞ்சலைத் திறக்கிறவர்கள் நிறைந்த பகுதியில் இதனால் ஆகப்போவது குறைவு. உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

தாள்: இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதன் மீது ஒரு பிரியம். ஒரே பக்கம், பெரிய எழுத்து, மாதம் ஒரு தடவை. அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகையில், நூலகத்தில், பூங்கா வாசலில் ஒட்டுவது. கீழே கியூஆர் குறியீடு போட்டால் படித்தவர் தளத்துக்கும் வருவார். போனே பார்க்காத பெரியவரும், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருப்பவரும் படிக்கும் ஒரே வழி இதுதான். ஒட்டும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

புகார் செயலி: எழுதுவதற்கு இது மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007இல் கொண்டுவந்த ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இதற்கு நல்ல முன்மாதிரி. வரைபடத்தில் இடத்தைக் குறித்துப் புகார் போட்டால் உரிய அலுவலகத்துக்குப் போகும், போட்ட புகாரை எல்லோரும் பார்க்கலாம். பல நகரச் செயலிகளில் அந்தக் கடைசிப் பகுதிதான் இல்லை. நீங்கள் போட்டது உங்களுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் தெரியும், ஒரு நாள் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வரும், பள்ளம் அப்படியே இருக்கும். ஆக, புகாரைப் போடுங்கள், புகார் எண்ணையும் தேதியையும் பதிவில் எழுதுங்கள். பச்சை நிறம் வந்த அன்று பள்ளத்தைப் படம் பிடித்து அதன் கீழே சேருங்கள்.

யாருக்கு எது

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், வலைப்பதிவு ஒன்றும் வாட்ஸ்அப் சேனல் ஒன்றும். முழுதும் எழுதுவது வலைப்பதிவில், சேனலில் இரண்டு வரியும் லிங்க்கும். ஏற்கெனவே நடக்கும் குழுக்களில் உறுப்பினராக இருந்துகொண்டு தகவல் எடுத்துக்கொள்ளலாம், புதுக் குழு ஆரம்பிக்காதீர்கள். குழுவில் ஒருவர் எழுதியதைப் பதிவில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டும் கட்டாயம். குழுவில் பேசுகிறவர் அண்டை வீட்டாரிடம் பேசுவதாக நினைத்துப் பேசுகிறார்.

வெள்ளப் பகுதியாகவோ அடிக்கடி தண்ணீர் தட்டுப்பாடு வரும் பகுதியாகவோ இருந்தால் வேகம் முன்னுக்கு வரும், குழுவைத் தவிர்க்க முடியாது. அப்போது அவசரத்துக்கு மட்டும் என்று ஒரு குழுவைத் தனியாக வைத்து, மற்ற நாளில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும்படி பூட்டி வைக்கலாம். அந்த வசதி இருக்கிறது, ஏனோ பலரும் பயன்படுத்துவதில்லை.

பிரச்சினைகளைவிட மனிதர்களையும் பழைய கதைகளையும் பற்றி எழுத ஆசைப்படுகிறவருக்கு ஃபேஸ்புக் குழு நல்ல தொடக்கம். தையல் கடைக்காரரைப் பற்றியோ மூடிப்போன திரையரங்கைப் பற்றியோ நீங்கள் எழுதியதைவிடக் கீழே வரும் பின்னூட்டங்களில் சரக்கு கூடுதலாக இருக்கும். அவற்றை, எழுதியவர்களின் சம்மதத்தோடு, அவ்வப்போது வலைப்பதிவில் தொகுத்துவிடுங்கள். தொகுக்காமல் விட்டால் எவ்ரிபிளாக் கதைதான்.

சொந்தப் பெயரா, புனைபெயரா என்று இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். கட்டடம் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் வம்பு வரலாம், புனைபெயர் அதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் அலுவலகத்தில் போய்க் கேட்க ஒரு பெயர் வேண்டும், பெயரில்லாதவர் எழுதியதை அதிகாரியும் நிருபரும் அரை மனதோடுதான் எடுத்துக்கொள்வார்கள். மூன்று நாலு பேர் சேர்ந்து தளத்தின் பெயரில் எழுதுவது நடுவழி. தனிமனிதர் மீது குற்றச்சாட்டு எழுதும்போது மட்டும் எந்தப் பெயரும் காப்பாற்றாது, அவதூறு வழக்கு புனைபெயரைத் தாண்டியும் வரும். ஆவணமும் எதிர்த்தரப்பின் பதிலும் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிள்ளைகள் முகம், வீட்டு எண், வண்டி எண் தெரியும் படங்களை மறைத்துத்தான் போட வேண்டும்.

பணம் வேண்டுமா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: முதல் வருடம் வேண்டாம். விளம்பரம் தேடி வருகிற முதல் ஆள் பெரும்பாலும் வீட்டுமனைத் தரகராகவோ கட்டுநராகவோ இருப்பார். அவர் காசை வாங்கிவிட்டு ஏரிக்கரைக் கட்டடத்தைப் பற்றி எழுதுவது எப்படி? பின்னால் வாங்கினாலும் தரகர், கட்டுநர், கட்சிக்காரர் மூவரையும் தவிர்த்துவிட்டு, யார் கொடுத்தது என்பதைத் தளத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இத்தனையும் முடிவு செய்த பிறகு செய்ய வேண்டிய சில்லறை வேலை ஒன்று இருக்கிறது. தளத்தின் முகவரிக்கு வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் வேறு யாராவது அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் ஊர் மாறிப் போனதும் பத்து வருடப் பதிவுகளோடு தளம் காணாமல் போவது இப்படித்தான். கடவுச்சொல்லும் புதுப்பிக்க வேண்டிய தேதியும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவராவது சொந்த வீட்டுக்காரராக இருந்தால் நல்லது.